வில்லுக்கத்தியின் இலக்கணம்

சென்ற ஆடி மாதம் இலண்டனிலிருந்து வந்திருந்த என் பேரன், எனக்கென்று ஒரு மடக்குக் கத்தியை வாங்கி வந்து கையிலே தந்தான். கரிய பிடி, கண்ணாடி போல் மினுங்கும் அலகு, அலகின் அடியிற் பெருவிரலால் உந்தித் திறப்பதற்கென ஒரு சிறு குமிழ். “எப்படி இருக்கு, அப்பப்பா?” என்று ஆவலோடு கேட்டான். “அருமை” என்று ஒரு சொற் சொல்லிச் சட்டைப்பையில் இட்டிருந்தேனாயின் அவன் உள்ளம் குளிர்ந்திருக்கும். நானோ மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, யன்னலோரம் போய், கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆராயத் தொடங்கினேன். பத்து நிமிடமாயிற்று. பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

அன்பளிப்பை இவ்வாறு சோதித்தல் பண்பன்று என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் என் வலக்கைச் சுட்டுவிரலின் நடுக்கணுவிற்குக் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அது என்னோடிருக்கின்றது. வெண்கட்டி பிடித்துக் கரும்பலகையில் எழுதிய காலமெல்லாம் அவ்விரல் முற்றாக மடங்க மறுத்தது. அத்தழும்பைத் தந்தது ஒரு கத்தி. அதன் அழகை மாத்திரம் பார்த்து வாங்கிய மூடன் நான்.

ஆசிரியனாக முதற்சம்பளம் பெற்ற மாதம் அது. கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் முத்துச்சிப்பி போல் ஒளிரும் பிடியோடு, ஆறு அலகுகள் விசிறி போல் விரிந்து கிடந்த கத்தியைக் கண்டேன். வீட்டிலே தகப்பனாரின் பழைய கத்தி ஒன்று இருந்தது. எருமைக் கொம்புப் பிடி, கறுத்த அலகு, பார்வைக்கு ஒரு சிறப்புமில்லை. புதியதை வாங்கினேன். தைப்பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, தம்பிமாருக்குப் பட்டம் கட்டுவதற்காகக் கமுகஞ்சிலாகை சீவிக்கொண்டிருந்தேன். துளையொன்று இடவேண்டி அலகின் நுனியை ஊன்றி அழுத்தியபோது, யாதொரு தடையுமின்றி அலகு மடங்கி என் விரலின்மேல் வந்து மூடிக்கொண்டது. எலும்பு தெரிந்தது.

காயம் ஆறியபின் அக்கத்தியை எங்கள் ஊர்க் கம்மாலைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த முதியவர் அதை இரண்டு முறை திறந்து மூடினார். காதருகே வைத்து இன்னொரு முறை மூடினார். “தம்பி, இதிலை வில்லு எங்கை? தகடெல்லோ கிடக்குது!” என்றார். பிறகு, “கொப்பரின்ரை கத்தி வீட்டிலை கிடக்கும், அதைக் கொண்டா” என்றார். கத்தியைப் பற்றி நான் அறிந்தவற்றின் தொடக்கம் அன்றைய மாலைப்பொழுதுதான். பிற்பட நூல்களிற் படித்தவையெல்லாம் அம்முதியவர் விரலாற் காட்டியவற்றிற்கு உரையாகவே அமைந்தன.

யாழ்ப்பாணத்தார் இக்கருவிக்கு இட்ட பெயர் வில்லுக்கத்தி. பிற இடங்களிற் பேனாக்கத்தி என்றும் மடக்குக் கத்தி என்றும் வழங்குவர். பேனாக்கத்தி என்பது அது முன்னர் செய்த தொழிலைச் சொல்வது. இறகுப் பேனையைச் சீவிய காலம் போய்விட்டது. மடக்குக் கத்தி என்பது கண்ணுக்குத் தெரியும் செயலைச் சொல்வது. வில்லுக்கத்தி என்ற பெயரோ உள்ளே மறைந்திருந்து தொழிற்படும் உறுப்பைச் சொல்கின்றது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கத்தித் தொழிலாளரும் இதனை வில்லுக்கத்தி என்று பொருள்படும் சொல்லாலேயே வழங்கினர். இதைச் செய்வோரும் வில்லுக்கத்திக் கம்மியர் எனத் தனிப்பெயர் பெற்றிருந்தனர். செய்தவனும் கண்டு தெளிந்தவனும் ஒரே உறுப்பைப் பெயராக்கியிருப்பது வியப்பன்று. அவ்வுறுப்புப் பழுதானால் எஞ்சுவது விரலை வெட்டும் பொறி.

அமைப்புச் சிக்கலானதன்று. பிடியின் முதுகு நெடுக ஓர் உருக்குப் பட்டை ஓடுகின்றது. அதன் ஒரு முனையும் நடுப்பகுதியும் ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்க, மறுமுனை மாத்திரம் கட்டின்றி நின்று அலகின் அடிப்பாகத்தை இடையறாது அழுத்தும். அவ்வடிப்பாகம் ஏறக்குறையச் சதுரமாக அராவப்பட்டது. கத்தி விரிந்திருக்கும்போது சதுரத்தின் ஒரு பக்கம் வில்லின்மேற் படிந்திருக்கும். மடங்கியிருக்கும்போது வேறொரு பக்கம் படிந்திருக்கும். ஒரு நிலையிலிருந்து மற்றதற்குப் போகவேண்டுமாயின் சதுரத்தின் மூலை வில்லை உந்தி உயர்த்திக்கொண்டு செல்லல் வேண்டும். அந்தத் தடைதான் கத்தியின் காவல். பூட்டுமில்லை, கொளுக்கியுமில்லை. என் விரலை வெட்டிய கத்தியிலோ அடிப்பாகத்தின் மூலைகள் வட்டமாய்த் தேய்க்கப்பட்டிருந்தன. வில்லுக்குத் தோய்ச்சலே இடப்படவில்லை. வளைத்தால் வளைந்தபடி கிடக்கும் தகடு எதனைத் தடுக்கும்?

தோய்ச்சல் என்றேன். அதன் நுட்பத்தை இங்கே சற்று விரித்துரைத்தல் வேண்டும். கரியுருக்கைச் செந்நிறம் வரக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்தால் அது மிகக் கடினமாகும். ஆனாற் கண்ணாடி போல் உடையும். ஆகவே மறுபடியும் இளஞ்சூடு காட்டி அதன் முறைப்பைத் தணிப்பர். மெருகிட்ட உருக்கின் மேற்பரப்பில் அப்போது நிறங்கள் ஓடும். 230 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறம் தோன்றும்; 300 பாகையளவில் நீலம் தோன்றும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் உருக்குக் கூர்மையைத் தாங்கி நிற்கும். நீலம் வரை போகவிட்டால் கடினம் குறைந்து, வளைந்து மீளும் இயல்பு பெறும். முன்னையது அலகுக்கு உரியது. பின்னையது வில்லுக்கு உரியது. ஒரே உருக்குத் துண்டிலிருந்து இரண்டையும் அடித்தெடுக்கலாம். ஆனால் ஒரே தோய்ச்சலை இரண்டுக்கும் இட்டவன், ஒன்று வளைந்துபோகும் வில்லையோ அன்றி முறிந்துபோகும் வில்லையோதான் பெறுவான். வாங்குபவன் கண்ணால் இதைக் காணமுடியாது. காதாற் காணலாம்.

நல்ல வில்லுக்கத்தி திறக்கும்போதும் மூடும்போதும் பேசும். ஆங்கிலேயர் இவ்விரு குணங்களையும் நடையும் பேச்சும் என்று சேர்த்தே கூறுவர். நடை என்பது, நகத்தால் அலகை இழுக்கும்போது அது தயங்காமல், கரகரக்காமல், ஒரே சீராய் எழுந்து வருதல். பேச்சு என்பது, நிலைக்கு வந்தவுடன் “டக்” என்று ஒலித்து அமர்தல். சில கத்திகள் பாதி வழியில், அலகு பிடிக்குச் செங்குத்தாய் நிற்கும்போதும் ஒருமுறை நின்று பேசும். அது சதுர அடியின் மூன்றாம் பக்கம் வில்லின்மேற் படிந்த ஒலி. தகப்பனாரின் கத்தி அவ்வாறு இருமுறை பேசும். என் புதுக்கத்தி ஊமை. கம்மாலை முதியவர் காதருகே வைத்தது இதற்காகவே என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

வில் வலியதாயிருந்தாற் போதும் என்று எண்ணிவிடலுமாகாது. நகம் பிளக்கும்படி இறுகிய கத்தியை எவரும் நாள்தோறும் திறவார். திறவாத கத்தி மேசைக்குள் உறங்கும். திறப்பதற்கென அலகிற் கீறப்பட்ட நகக்குழி எங்கே அமைந்திருக்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். சுழலாணிக்கு மிக அண்மையில் இருந்தால் நெம்பும் நீளம் குறைந்து நகம் வருந்தும். இது வடிவமைத்தவனின் பிழை. எத்துணைத் திறமையான கம்மியனும் திருத்தமுடியாதது. அமைப்புப் பிழை வேறு, வேலைப் பிழை வேறு என்று பிரித்தறியாமற் கத்தியைப் பழிப்போர் பலர். நூலொன்றை மதிப்பிடும்போதும் கதையின் குறையை அச்சகத்தின்மேற் போடுகின்ற விமரிசகர்கள் நம்மிடையே இல்லையா?

வேலைத்திறனை அறிய ஒரு பெருவிரல் போதும். கத்தியை மூடிவைத்து, பிடியின் முதுகு நெடுகப் பெருவிரலை ஓட்டிப் பாருங்கள். வில்லும் அதன் இருமருங்கிலுமுள்ள பித்தளைத் தகடுகளும் ஒரே தளமாய், தட்டாமல், தடக்காமல் இருத்தல் வேண்டும். பின்னர் விரித்துவைத்து ஓட்டுங்கள். பாதி விரித்துவைத்தும் ஓட்டுங்கள். மூடிய நிலையிற் சமமாகவும் விரித்த நிலையில் மயிரிழை மேடாகவும் இருப்பதே பெரும்பாலான கத்திகளின் இயல்பு. மூன்று நிலையிலும் சமமாக இருக்கவேண்டுமெனின், அலகின் அடியில் மூன்று பக்கங்களும் சுழலாணியிலிருந்து ஒரே தூரத்தில் அமைதல் வேண்டும். அரத்தின் ஓர் இழுப்புக் கூடினால் மறுபடி சேர்க்கமுடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் சிறுவனாகத் தொழில் புகுந்து, முதிர்ந்த வயது வரை ஷெபீல்ட்டில் வில்லுக்கத்திகளைக் கையாலேயே செய்துவந்து, 2021ஆம் ஆண்டு மறைந்த ஸ்டான் ஷோ என்ற கம்மியரின் கத்திகளைச் சேகரிப்போர் போற்றுவதற்கு அலங்காரம் மட்டுமே காரணமன்று. அவற்றின் நடையும் பேச்சுமே முதற் காரணம்.

அடுத்து, கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தல். வில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அங்கே நீரும் உப்பும் புகும். நம் கடற்கரை ஊர்களில் ஒரு மாரி போதும், உள்ளே கறள் கட்டிவிடும். விரித்த அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாற் சுழலாணி சரியாக இறுக்கப்படவில்லை. மூடிய அலகை மேலிருந்து நோக்கினால் அது இரு தகடுகளுக்கும் நடுவே நிற்றல் வேண்டும். ஒருபக்கம் சாய்ந்து தகட்டை உரசினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் மழுங்கும். இன்னொன்று பலரும் கவனிப்பதில்லை. அலகின் கூர் தொடங்கும் இடத்துக்கு அருகே, அடிப்பாகத்தில் ஒரு சிறு முனைப்பு இருக்கும். மூடும்போது அது வில்லின்மேல் அமர்ந்து, அலகின் கூர்வாய் வில்லில் மோதாதவாறு தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்கணக்காகத் தீட்டித் தீட்டி அலகு தேயும்போது இம்முனைப்பையும் சிறிது தேய்த்து இறக்குவோர் உண்டு. இறக்காவிட்டால் மூடிய அலகின் நுனி பிடிக்கு மேலே எட்டிப் பார்க்கும். அளவின்றி இறக்கினால் கூர் வில்லில் இடிக்கும்.

தகப்பனாரின் கத்தியின் அலகடியில் ஒரு நட்சத்திரமும் அதன் பக்கத்தே ஒரு சிலுவையும் பொறிக்கப்பட்டிருந்தன. ஷெபீல்ட்டில் ஜோசப் றொட்ஜர்ஸ் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டு முதல் பயன்படுத்திய முத்திரை அது. அந்நகரம் கத்திக்குப் பெயர்பெற்றது நேற்று இன்றன்று. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் சோசர், தம் கந்தர்பரிக் கதைகளில் வரும் மாவரைக்கும் ஆலைக்காரன் ஒருவனின் காலுறையில் ஷெபீல்ட் கத்தியைச் செருகி வைத்திருக்கின்றார். மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் சாணைச் சக்கரங்களைச் சுழற்றின. அயலிலேயே சாணைக்கு ஏற்ற மணற்கல் அகப்பட்டது. 1624ஆம் ஆண்டில் அங்குள்ள கத்திக் கம்மியர் சங்கம் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. 1740களில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்னும் மணிக்கூட்டுக்காரர், மூசையில் உருக்கை உருக்கி ஒரே சீரான வார்ப்புருக்கு ஆக்கும் முறையைக் கண்டார். உள்ளூர்க் கம்மியரோ அது மிகக் கடினமென்று முதலில் வாங்க மறுத்தனர். அவ்வுருக்குப் பிரான்சுக்குப் போய், அங்கிருந்து கத்திகளாய்த் திரும்பி வந்து போட்டியிட்ட பிறகே அவர்களின் கண் திறந்தது என்பர்.

மூசை உருக்கு ஐரோப்பாவுக்குப் புதிதேயன்றித் தென்னாசியாவுக்குப் புதிதன்று. தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் அது பல நூற்றாண்டுகள் முன்னரே ஆக்கப்பட்டது. ஈழத்தின் பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த மூசை உருக்குத் தொழிலை ஆனந்த குமாரசுவாமி நேரிற் கண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். இதே உருக்கின் இந்தியக் கட்டிகள் சில 1790களிற் பம்பாயிலிருந்து இலண்டன் ரோயல் சங்கத் தலைவர் ஜோசப் பாங்ஸ் என்பாருக்கு அனுப்பப்பட்டன. ஜோர்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் அவற்றை ஆராய்ந்து 1795ஆம் ஆண்டில் அச்சங்கத்துக்குக் கட்டுரை சமர்ப்பித்தார். இலண்டன் கத்திக் கம்மியரான ஜேம்ஸ் ஸ்ரோடார்ட், தலைவரின் விருப்பப்படி அக்கட்டியொன்றிலிருந்து அடித்துக் கொடுத்தது யாது? ஒரு பேனாக்கத்தி. பின்னாளில் மைக்கல் பரடேயும் இதே ஸ்ரோடார்ட்டும் சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்வதற்கு இவ்வுருக்கே தூண்டுகோலாயிற்று. பேரறிஞர்களின் வரலாற்றிற் பேனாக்கத்திக்கும் ஓர் இடம் உண்டென்று மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

நட்சத்திரமும் சிலுவையும் பொறித்தவர்கள் தம் புகழுக்காக ஒரு விந்தையும் செய்தனர். 1822ஆம் ஆண்டிலே 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து, ஆண்டுதோறும் ஓர் அலகு கூட்டினர். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் பொருட்காட்சிக்கென 75 அலகுகளுடன் வேறொன்று செய்தனர். கண்டோர் வியந்தனர். ஒரு மாம்பழம் சீவுவதற்கு அவற்றுள் எதுவும் உதவாது. என் ஆறு அலகுக் கத்தியை நினைக்கும்போதெல்லாம் இவை எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஒரு வேறுபாடு. அக்காட்சிக் கத்திகளைச் செய்தவர்கள் நாள்தோறும் பயன்படத்தக்க கத்திகளையும் செம்மையாகச் செய்யத் தெரிந்தவர்கள். என்னை ஏமாற்றியவன் விசிறியை மட்டும் கற்றிருந்தான்.

இத்தொழிலின் இருட்பக்கத்தைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. ஷெபீல்ட்டின் சாணைக்காரர்கள் கற்றூளும் உருக்குத்தூளும் சுவாசித்து இளமையிலேயே இறந்தனர். அந்நகரத்து மருத்துவர் நைற் என்பவரின் கணக்கை ஏங்கல்சு 1845ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டுகின்றார். நீரின்றி உலர்சாணையில் முள்ளுக்கரண்டி தீட்டுவோர் 28 முதல் 32 வயதுக்குள் மாண்டனர்; ஈரச்சாணையில் மேசைக்கத்தி தீட்டுவோர் 40க்கும் 50க்கும் இடையே மாண்டனர். அலகின் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகின்றவர்களுக்கு அப்பளபளப்பின் விலை இது. தூசியை உறிஞ்சும் விசிறி அக்காலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தும் அதனைப் பொருத்தத் தொழிலாளர் பலரே தயங்கினர். நெடுநாள் வாழ்ந்தால் ஆட்கள் பெருகிக் கூலி குறையுமென அஞ்சினராம். இதைப் படித்த நாளில் என் மனம் நெடுநேரம் வேறெதிலும் செல்லவில்லை.

வில் இல்லாமலே நல்ல மடக்குக் கத்தி செய்யமுடியாதா என்று கேட்கலாம். முடியும். பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டில் ஆக்கிய கத்தியில் வில் கிடையாது. மரப்பிடியிற் கீறிய பிளவுக்குள் அலகு உராய்ந்து நிற்கும், அவ்வளவே. 1955ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தார், திருகினால் அலகைப் பூட்டும் ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தனர். இன்று அலகு, பிடி, ஆணி, இரு வளையங்கள் ஆக ஐந்தே உறுப்புகள். குறையாதெனின், ஈரத்தில் மரம் பருத்து அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். சவோய் உழவர் பிடியின் அடிமுனையைக் கல்லிலோ மேசையிலோ ஒரு தட்டுத் தட்டி அலகை வெளிப்படுத்துவர். மார்கழி மழையில் இங்கே அதனை வைத்திருந்த நண்பரொருவர் தட்டித் தட்டி மேசையைப் பழுதாக்கினார். எனினும் அதன் அலகு மெல்லியது. பழத்தை அது வெட்டுவதுபோற் பருத்த அலகுடைய விலையுயர்ந்த கத்திகள் வெட்டுவதில்லை. மேலும், அதிலே பொய் இல்லை. அதன் குறை வெளியே தெரியும்.

சுவிற்சலாந்தில் கார்ல் எல்செனர் 1891ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைவீரருக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். 1897ஆம் ஆண்டில் அவர் பதிவுசெய்த அதிகாரிகளுக்கான கத்தியின் திறமை, அதிலுள்ள கருவிகளின் தொகையில் இல்லை. ஒரே வில்லைப் பிடியின் இருபுறக் கருவிகளுக்கும் பொதுவாக்கி, இரண்டே விற்களால் ஆறு கருவிகளைத் தாங்கவைத்ததே அத்திறமை. அதனாற் கத்தி பருக்காமல் இலேசாயிற்று. கருவி கூடக் கூட வில்லும் கூடவேண்டும் என்றிருந்த பழைய கணக்கை மாற்றியவர் அவர்.

பேரன் கொண்டுவந்த கத்தியோ வில்லின் குலத்தைச் சேர்ந்ததன்று. அலகு முற்றாக விரிந்ததும் பிடிக்குள்ளிருக்கும் ஒரு தகடு பக்கவாட்டிற் சரிந்து அலகின் அடிக்குப் பின்னே முட்டுக்கொடுத்து நிற்கும். அத்தகட்டை விரலால் ஒதுக்கினாலன்றி அலகு மடங்காது. 1980களில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கல் வோக்கர் திருத்தி அமைத்துப் பரப்பிய முறை இது. என் விரல் இத்தகைய பூட்டுக்கு நன்றியுடையது என்றே முதலில் எண்ணினேன். ஆராய்ந்து பார்த்தபோது முட்டுத்தகட்டின் நுனி அலகடியின் ஓரத்தையே தொட்டு நின்றது; கால்வாசியளவாவது உட்சென்று படிந்திருத்தல் வேண்டும். அலகின் முதுகைக் கட்டைமேல் வைத்து மெல்ல அழுத்தினேன். தகடு நழுவிற்று. பூட்டு இல்லாத கத்தியைப் பிடித்திருப்பவன் விழிப்பாயிருப்பான். பூட்டை நம்பியிருப்பவன் விழிப்பாயிரான். ஆகவே நழுவும் பூட்டுப் பூட்டில்லாமையினும் கொடியது.

இதைப் பேரனுக்குக் காட்டியபோது அவன் இன்னொன்று சொன்னான். இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூர்வாய் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனாற் பூட்டிக்கொள்ளும் கத்தி மடக்குக் கத்தியாகக் கொள்ளப்படுவதில்லை என்று நீதிமன்றம் 1993ஆம் ஆண்டில் தீர்த்திருக்கின்றது. தக்க காரணமின்றி அதைச் சட்டைப்பையில் வைத்துத் தெருவில் நடந்தாற் குற்றம். “அதுதான் உங்களுக்கு வாங்கினனான், எனக்கு அங்கை கொண்டு திரியேலாது” என்றான். தாத்தா காலத்துத் தொழில்நுட்பமென எள்ளப்படும் வில், அந்நாட்டிலே சட்டத்தின் துணையாலும் உயிர்வாழ்கின்றது.

கூர்மையைப் பற்றி ஒன்று. கடையிற் கத்தியை எடுத்துக் கடதாசியைச் சீவிக் காட்டுவர். அது சாணைக்காரனின் கடைசி ஐந்து நிமிடத்தைக் காட்டுமேயன்றி உருக்கின் தரத்தைக் காட்டாது. ஷெபீல்ட்டிலுள்ள வெட்டுக்கருவி ஆய்வு நிலையத்தில் இதற்கென ஒரு பொறி அமைத்திருக்கின்றனர். சிலிக்காத் துகள் கலந்த அட்டையடுக்கை அளவான பாரத்தோடு அலகின்மேல் வைத்து, முன்னும் பின்னுமாக இழுத்து, ஒவ்வோர் இழுப்பிலும் எத்துணை ஆழம் வெட்டுகிறது என்று அளப்பர். முதற் சில இழுப்புகள் கூர்மையைச் சொல்லும். இறுதிவரை வெட்டிய மொத்த ஆழம் உருக்கின் பொறுமையைச் சொல்லும். வீட்டிலே அப்பொறி இல்லாதவர்கள் சாக்குக் கயிற்றை இருபது முறை அறுத்துவிட்டுப் பின்பு தக்காளியின் தோலில் அலகை வைத்துப் பார்க்கலாம். சிலர் மடக்குக் கத்தியின் முதுகிற் கட்டையால் அடித்து விறகு பிளந்து, பிளவுபட்டதோ ஆணி தளர்ந்ததோ என்று சோதிப்பர். அது கோடரிக்குரிய பரீட்சை. கணக்குப் பாடத்திற் சித்தியடையாத மாணவனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பிக் கால் முறிப்பதைப் போன்றது.

அன்று மாலை கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள் நான்கு மேசைக்கு வந்தன. இரு கத்திகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்தேன். புதியதன் அலகு முதுகிற் பருத்து, கூர்வாய்க்கு அண்மையிலும் ஆப்புப் போலிருந்தது. தோலோடு சதையையும் நெரித்துக்கொண்டு போயிற்று. சாறு பிடிக்குள் இறங்கியது. பேரன் இரண்டாம் பழத்தைப் பழையதாற் சீவினான். தோல் நீள நாடாவாய்க் கழன்று விழுந்தது. பழச்சாறு பட்டுப் பட்டுக் கறுத்துப்போன அவ்வலகு பார்வைக்கு அழகில்லைத்தான். ஆனால் அக்கருமை செந்நிறக் கறள் ஏறுவதைச் சற்றே தடுக்கும் என்பதை அவனுக்குச் சொன்னேன். துடைத்து மூடினான். இருமுறை பேசிற்று. மறுபடி திறந்து மூடினான்.

பழைய கத்தியிலும் குறைகள் இல்லாமலில்லை. கொம்புப் பிடி ஓரிடத்தில் தகட்டைவிட்டு எழும்பியிருக்கின்றது. கொம்பு காய்ந்தாற் சுருங்கும். பாதி விரித்த நிலையில் வில் சற்றே மேடாக நிற்கின்றது. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டமும் உண்டு. அதை ஒரு தட்டில் இறுக்கிவிடக்கூடிய கம்மாலை முதியவர் இன்றில்லை. அடிமட்டத்தை வைத்து அலகை அளந்தோம். இரண்டே முக்கால் அங்குலம்.

அவன் புறப்படுவதற்கு முதல்நாள், சுழலாணியில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அலகுக்கும் எண்ணெய் பூசி, கடதாசியிற் சுற்றி அவனிடம் கொடுத்தேன். கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்திற் பறித்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள் வை என்றேன். புதுக்கத்தி என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. கடித உறைகளைத் திறக்க அதைப் பயன்படுத்துகின்றேன், பூட்டை நம்புவதில்லை.